பழைய டிராக்டர்: பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

புதுச்சேரி நகரத்தில் குடியிருந்துகொண்டு பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ திருக்கனூர் பக்கமோ நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் பலர். வாடகை வண்டிக்குக் காத்திருந்து சேடை தள்ளிப்போகும்போதெல்லாம் ‘நாமே ஒரு பழைய வண்டியைப் பிடித்துவிட்டால் என்ன?’ என்று தோன்றும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த வருஷ மாடல்?” என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, “இத்தனை வருஷமா இந்த வண்டி என்ன வேலை பார்த்துச்சு?” சொந்த நிலத்தில் மட்டும் பத்து வருஷம் உழுத வண்டி, மூன்றே வருஷம் சூளைக்கு மண் அடித்த வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கும். விற்பவர் இந்தக் கேள்விக்கு எதையும் சொல்லலாம். வண்டியிடமே பதில் வாங்கும் வழிகள் இவை.

1. எந்த வேலை எந்த இடத்தைத் தின்றிருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கேஜ் வீல் மாட்டி வருஷா வருஷம் சேடை ஓட்டிய வண்டியில் ஆயில் சீல்கள் தேய்ந்து, பிரேக்குக்குள்ளும் பின் அச்சுக்குள்ளும் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கும். டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்ச், பிரேக், பின்பக்கக் கொக்கி, பின் டயர் ஆகியவை போயிருக்கும். நின்ற இடத்தில் கதிரடித்த வண்டிக்கோ தண்ணீர் இறைத்த வண்டிக்கோ டயரும் பெடலும் புதுசு போலவே இருக்கும், எஞ்சின்தான் கிழடாகியிருக்கும். முன்னால் மண் அள்ளும் பக்கெட் மாட்டிய வண்டியில் முன் அச்சைச் சந்தேகப்படுங்கள். நம் கடலோரத்துக்கே உரிய இன்னொரு வகை, மீனவர் குப்பங்களில் படகை மணலில் இழுத்து ஏற்றிய வண்டி. உப்புக் காற்றும் கடல்நீரும் பட்ட இரும்பை எந்தப் பெயின்ட்டாலும் ரொம்ப நாள் மறைக்க முடியாது. வீல் ரிம்மின் உட்பக்கம், மட்கார்டின் அடிப்பக்கம், போல்ட் தலைகள் ஆகிய மூன்று இடத்திலும் விரலால் சுரண்டிப் பாருங்கள்.

2. விடிந்ததும் போங்கள். முந்தின நாளே போன் செய்து, “நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்ஸர் அடியையும் ரேடியேட்டரையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பதை உங்களுக்குக் காட்ட விற்பவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

3. புதுப் பெயின்ட்டைக் கண்டு மயங்காதீர்கள், பயப்படவும் வேண்டாம். விற்பதற்கு முன் கழுவிப் பெயின்ட் அடிப்பது எல்லோரும் செய்வதுதான். கவனிக்க வேண்டியது, பெயின்ட் எங்கே அவசரமாக அடிக்கப்பட்டிருக்கிறது என்பது. எஞ்சின் பிளாக்கிலும் கியர் பாக்ஸ் இணைப்பிலும் மட்டும் நிறம் தனியாகத் தெரிந்தால் அங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

4. ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்று, தொட்டால் நீர்த்துப் போய் டீசல் வாடை அடித்தால், டீசல் பம்பிலிருந்து எஞ்சினுக்குள் டீசல் இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓடிய எஞ்சினின் பேரிங்குகள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேற்றுதான் மாற்றியது போலத் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

5. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துரு நிறமா, அல்லது கூலன்ட் ஊற்றிய நிறமா என்று கவனியுங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விடாமல் குமிழி கொப்பளித்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டிலேயே விரிசல் இருக்கலாம். ஓடிச் சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. முகம் வெந்துவிடும்.

6. புகை சொல்லும் சேதி. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை தொடர்ந்தால் நாசில் சரியில்லை, அல்லது எரியும் அறைக்குள் தண்ணீர் போகிறது. நீலம் கலந்த புகை ஆயில் எரிவதால் வருவது. லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருக்கின்றன. கறுப்புப் புகை ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று கொடுக்கும்போது ஒரு வீச்சு வருவது இயல்பு. எந்நேரமும் கறுப்பாகவே தள்ளினால் காற்று போதவில்லை அல்லது பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இழுவை குறைந்த எஞ்சினை விற்பதற்கு முன் பம்பைத் திருகிவிடுவது பழைய வித்தை.

7. ‘பேக் கம்ப்ரஷன்’ பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புகையோடு தூக்கி எறிந்தால், எரியும் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் செட் மாற்றும் வேலை காத்திருக்கிறது என்று பொருள். “கை வைக்காத எஞ்சின் சார்” என்று புரோக்கர் சொல்வார். கை வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதே உங்கள் கவலை.

8. ஏர் ஃபில்டரைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது எஞ்சினைக் காப்பது மட்டுமில்லை, வண்டிக்காரர் எப்படிப்பட்டவர் என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஆயில் கிண்ணம் உள்ள வகையென்றால் கிளிப்பைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். உள்ளே ஆயில் கோடு வரைக்கும் இருக்கிறதா, அல்லது சேறு போல் உறைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். ஒரு சின்ன வெடிப்பு போதும், கரும்புக் காட்டுப் புழுதியும் செம்மண்ணும் நேரே சிலிண்டருக்குள் போகும். ஹோஸின் உள்ளே விரலை விட்டால் மண் ஒட்டுகிறதா? அப்படியானால் 7-ஆம் குறிப்பில் நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதற்குக் காரணம் இதுதான். புது எஞ்சினாகவே இருந்தாலும் இப்படி ஓடினால் சீக்கிரம் அழிந்துபோகும்.

9. மணி மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். கேபிள் அறுந்து மாதக்கணக்கில் நின்ற மீட்டரும் உண்டு, மாற்றிப் போட்ட மீட்டரும் உண்டு. இன்னொரு சங்கதி: கேபிளில் ஓடும் பழைய மீட்டர், எஞ்சின் அதன் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் ஒரு மணியை ஒரு மணியாக எண்ணும், மெதுவாக ஓடினால் குறைவாக எண்ணும். ஏழு வருஷ வண்டியில் 900 மணி என்று இருந்தால் கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் வளையம், சீட், லிஃப்ட் கைகளின் பின் துளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். வட்டத் துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால் மீட்டர் பொய்.

10. கிளட்ச் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்காத இடம் வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெரிய கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. டிராக்டரில் கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாகத்தின் விலையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது, கூலியும் நாளும் சேரும். டபுள் கிளட்ச் வண்டியென்றால் பாதி அழுத்தும்போது வண்டி நின்று பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) சுற்ற வேண்டும், முழுக்க அழுத்தினால் பி.டி.ஓ.வும் நிற்க வேண்டும். இதைத் தனியாகச் சோதியுங்கள்.

11. கியரை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள், ரிவர்ஸ் உட்பட. ஹை, லோ இரண்டிலும். லோடு வரும்போதோ இறக்கத்தில் கால் எடுக்கும்போதோ கியர் தானாக நழுவி வெளியே வந்தால் வண்டி வேண்டாம். புதுச்சேரியைச் சுற்றி மேடு பள்ளம் குறைவு என்பதால் ஒரு ஏரிக் கரையின் சரிவைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

12. பிரேக் இரண்டு பெடல். இரண்டையும் சேர்க்கும் கொக்கியை எடுத்துவிட்டு, காலி நிலத்தில் மெதுவாக ஓட்டியபடி இடதை மட்டும், பிறகு வலதை மட்டும் மிதித்துப் பாருங்கள். வண்டி அந்தந்தப் பக்கம் திரும்ப வேண்டும். சாலையில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கியால் சேர்த்தே வையுங்கள். சேர்க்காமல் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் வண்டி கவிழும்.

13. பின் சக்கரத்தின் உட்பக்கத்தில் தரையோடு உட்கார்ந்து பாருங்கள். அச்சின் முனையில் ஆயில் வழிந்து புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அந்த ஆயில் உலர் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. அடுத்து, பின்பக்க ஆயில். நிறைய மாடல்களில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில், உள்ளே புகுந்த தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். உடைமைக்காரர் சம்மதித்தால் அடித் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது ஆயிலா தண்ணீரா என்று தெரிந்துவிடும். பாகூர் ஏரிப் பாசனத்து நஞ்சையில் உழைத்த வண்டிகளுக்கு நான் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே மாட்டேன்.

14. லிஃப்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கலப்பையும் ரோட்டவேட்டரும் தூக்காத டிராக்டர் வெறும் இழுவை வண்டி. மூன்று முனை இணைப்பும், மண்ணின் இறுக்கத்துக்கு ஏற்றபடி கலப்பை தானே ஏறி இறங்கும் ஏற்பாடும் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் உருவாக்கியவை; ‘மாஸி ஃபெர்குசன்’ பெயரில் இன்றும் இருப்பவர் அவர்தான். சோதனை எளிது. ரோட்டவேட்டரை மாட்டி உயரத் தூக்கி, சாக்பீஸால் அடையாளம் வைத்து, எஞ்சினை நிறுத்துங்கள். கால் மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கினால் பழைய வண்டிக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஐந்து நிமிஷத்தில் தரை தட்டினால் உள்ளே சீலோ வால்வோ கசிகிறது. எஞ்சின் ஓடும்போது லிஃப்ட் கைகள் விட்டுவிட்டுத் துள்ளினாலும் இதே காரணம்தான். தூக்கிய கலப்பைக்குக் கீழே யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது.

15. பி.டி.ஓ. தண்டில் ஆறு பல். விட்டம் 35 மில்லிமீட்டர். பற்களின் ஓரம் கூராகத் தேய்ந்திருந்தால் அது ரோட்டவேட்டரோ கதிரடியோ நிறையப் பார்த்த வண்டி. நிமிஷத்துக்கு 540 சுற்று என்ற வேகத்துக்குக் கொண்டுவந்து பத்து நிமிஷம் ஓடவிட்டு, தண்டைச் சுற்றி ஆயில் கசிகிறதா, கரகரப்புச் சத்தம் வருகிறதா என்று தள்ளி நின்று கேளுங்கள். புடவை, வேட்டி, துண்டு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

16. முன் அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்து, மரக்கட்டை முட்டு வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஹப் பேரிங் அல்லது கிங் பின். அச்சின் நடுப் பின்னிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்டியரிங் பவர் வகையாக இருந்தால் கடைசி வரை திருப்பிப் பிடித்துச் சத்தம் கேளுங்கள்.

17. டயர் செலவைச் சின்னது என்று நினைக்காதீர்கள். 40 குதிரைத்திறன் பக்கம் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் 13.6-28 அளவுப் பின் டயர் இருக்கும், பெரிய வண்டிகளில் 14.9-28, 16.9-28. பட்டனின் உயரத்தை இரண்டு டயரிலும் அளந்து ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் வெடிப்பு பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். இழுவைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். வால்வைக் கீழே கொண்டுவந்து அழுத்தினால் தெரியும். உப்புத் தண்ணீராக இருந்தால் ரிம் உள்ளிருந்து அரித்திருக்கும்.

18. வெல்டிங் வைத்த வண்டி. மட்கார்டில், பானட் தாங்கியில், கொக்கியில் வெல்டிங் இருந்தால் கவலை வேண்டாம். கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் அச்சுக் கூடு, முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு ஆகியவற்றில் இருந்தால் விலை பேசவே வேண்டாம். டிராக்டருக்கு லாரி போலத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் அதன் முதுகெலும்பு. அது ஒருமுறை உடைந்த வண்டி மறுபடியும் அதே இடத்தில் உடையும்.

19. மின்சாரம்: பேட்டரியில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கமும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கமும் காட்ட வேண்டும். விளக்குகள், ஹாரன், பின் சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இரவில் கடலூர் சாலையில் பின் விளக்கில்லாத டிரெய்லர் எவ்வளவு ஆபத்து என்று அந்த வழியே போகிறவர்களுக்குத் தெரியும்.

20. எந்தக் கம்பெனி என்பதைவிட, உங்கள் ஊர்க் கடையில் அதன் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. எச்.எம்.டி. டிராக்டர் உழைப்பாளி, ஆனால் பிஞ்சோரில் இருந்த அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த வண்டி மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று புரிந்துகொண்டு வாங்குங்கள். கம்பெனி கைமாறியதால் மட்டும் பயப்பட வேண்டாம். ஐஷர் டிராக்டர் 2005-ல் சென்னையின் டாஃபே கைக்கு வந்தது, ஸ்வராஜ் 2007-ல் மஹிந்திரா கைக்குப் போனது. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. புதிய சிக்கல் வேறு. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்தன. அதனால் அந்த வகை வண்டிகளில் டீசல் செலுத்துவது எலக்ட்ரானிக் ஆகிவிட்டது. அதற்கு மெக்கானிக்கின் காது மட்டும் போதாது, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் நிலத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்ற சந்தேகத்தைக் குரும்பாப்பட்டு பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். பார்க்கும் மாடலின் உண்மையான பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் எடை ஆகியவை மத்தியப் பிரதேசத்தின் பூத்னியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனத்தின் சோதனை அறிக்கைகளில் கிடைக்கும். இப்படி ஒரு பொதுச் சோதனை வேண்டும் என்று உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம். மட்டமான டிராக்டர் வாங்கி அவதிப்பட்ட வில்மாட் குரோசியர் என்ற விவசாயி சட்டமன்றத்துக்குப் போய், சோதனை செய்யாத டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் கொண்டுவரக் காரணமானார். ஏமாந்தவர்கள் எல்லோரும் அவரைப் போல எம்.எல்.ஏ. ஆகிவிட முடியாதுதான்!

21. சும்மா தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டிக் காய்ந்த நிலத்தில் ஒரு மணி நேரம் உழுது பாருங்கள், டீசல் உங்கள் செலவு. ஆயில் பிரஷர், வெப்பமானி இரண்டிலும் கண் வையுங்கள். காலையில் ஒளிந்திருந்த கோளாறுகள் சூடேறியதும் தலைகாட்டும். நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் எழுந்து சூட்டில் படுக்கும் எஞ்சின்களும் உண்டு. உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிப்போய் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். புரோக்கர் கொண்டுவரும் மெக்கானிக், புரோக்கரின் மெக்கானிக்தான்.

22. கோளாறு இரும்பில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கும். நம் ஊரில் இது கூடுதல் தலைவலி. வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போவதற்குள் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வந்து போய்விடுகிறது. கடலூர் சாலையிலும் இதே கதைதான். பார்த்த வண்டி டிஎன்-31 (கடலூர்) அல்லது டிஎன்-32 (விழுப்புரம்) பதிவாக இருக்கும், நீங்கள் பிஒய்-01. வேறு மாநில வண்டிக்கு அதன் சொந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் நிதி நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். ‘கடன் கட்டியாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது, ஆர்.சி.யில் எச்.பி. (கடன் பதிவு) நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில், வெளி மாநிலம் என்றால் 45 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்.

வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் உள்ள இடம் அரம் போட்டது போல இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். டிராக்டர் ஆர்.சி.க்கு 15 வருஷம் ஆயுள், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் அது காலாவதியா என்று பாருங்கள். டிரெய்லருக்குப் பதிவு தனி. சங்கராபரணியிலோ தென்பெண்ணையிலோ மணல் வழக்கில் சிக்கிய வண்டியா என்று அந்த ஊர்க் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். எம்-பரிவாகன் செயலியில் அபராதப் பாக்கியும் தெரியும். மானியத்தில் வாங்கிய வண்டியென்றால், விற்பதற்கு நிபந்தனை ஏதும் உண்டா என்று வேளாண் துறையில் கேட்டுவிடுவது நல்லது.

23. எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பிரெஞ்சு ஆட்சியில் இங்கே நடப்பில் இருந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு, மறைந்திருக்கும் குறைக்கு விற்பவரே பொறுப்பு என்றது. இன்று இங்கே செல்லுபடியாவது இந்தியாவின் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 16-ஆம் பிரிவின் அடிப்படையே வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது. சில விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவதைவிட ஒரு தாள் எழுதுவது சுலபம். தேதி, மீட்டர் மணி, சேசிஸ் எண், ‘எஞ்சினில் இன்ன வேலை செய்தது’, ‘கடன், வழக்கு எதுவும் இல்லை’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஆர்.சி. கைக்கு வருவதற்கு முன் முழுத் தொகையும் போகக் கூடாது.

24. விலை பேசும்போது ஞாபகத்தில் வைக்க வேண்டியது: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயருக்கும் பல உதிரிப் பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆகவும் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கியிருக்கும்போது பழைய வண்டிக்குப் பழைய விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை உழவு தொடங்கும் வாரங்களில் விற்பவர் பிடி கொடுக்க மாட்டார். உழவு ஓய்ந்த நாளில் போங்கள். டயர், பேட்டரி, கிளட்ச், ஆயில் சீல் ஆகியவை விலையைக் குறைக்கும் குறைகள். நழுவும் கியர், வெல்டிங் வைத்த ஹவுசிங், சேசிஸ் எண்ணில் சந்தேகம், ஆயிலில் தண்ணீர் ஆகிய நான்கும் வண்டியையே விட்டுவிட வேண்டிய குறைகள். பேக் கம்ப்ரஷன் இரண்டுக்கும் நடுவில். முழு எஞ்சின் வேலைக்கு உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையைக் கழித்த பிறகும் விலை கட்டுப்படியானால் வாங்கலாம்.

25. வாங்கி வந்த வாரமே எஞ்சின் ஆயில், பின்பக்க ஆயில், டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் அத்தனையும் மாற்றி, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். பழைய உடைமைக்காரர் “போன மாசம்தான் மாத்தினேன்” என்று சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். இந்தச் செலவையும் ஆர்.சி. மாற்றும் செலவையும் முன்கூட்டியே விசாரித்து, வண்டி விலையோடு கூட்டிக் கையில் வைத்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருங்கள்.